ஜூன் 16-க்கு ஏன் லீவு இல்ல? (கொஞ்சம் நீளமான இழை)

மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. அன்னைக்கு மெக்சிகோவுக்கு சுதந்திரம் கிடைக்கல.

இந்த ஒரு விஷயத்துல ஆரம்பிச்சு நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரப் போறேன். நீளம் அதிகம். வேலை முடிச்சிட்டு, சாப்பிட்டுட்டு, பொறுமையா படிங்க.

1810-ல் மெக்சிகோ ஸ்பெயினோட காலனி. டொலோரெஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க பங்குத்தந்தை மிகெல் இதால்கோ, வயசு 57. செப்டம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கோவில் மணியை அடிச்சு ஜனங்களைக் கூட்டினார். கெட்ட ஆட்சி ஒழியணும்னு பேசினார். என்ன வார்த்தைகள் சொன்னார்னு அப்பவே எழுதி வச்ச பிரதி எதுவும் இல்ல. ஆளுக்கு ஒரு மாதிரி பின்னாடி சொன்னதுதான் இருக்கு. ஆனா அந்தப் பேச்சைக் கேட்ட கூட்டம் கிளம்பிடுச்சு. குவாடலூப்பே மாதா படம்தான் அவங்களுக்குக் கொடி.

பத்தே மாசம்தான். 1811 ஜூலை 30 அன்னைக்கு இதால்கோவை சிவாவா நகரத்துல சுட்டுக் கொன்னாங்க. தலையை வெட்டி, குவானகுவாத்தோ ஊர்ல இருந்த தானியக் கிடங்கு மூலையில இரும்புக் கூண்டுக்குள்ள தொங்கவிட்டாங்க. மொத்தம் நாலு பேர் தலை, கட்டடத்துக்கு நாலு மூலை. 10 வருஷம் அப்படியே தொங்குச்சு.

சுதந்திரப் படை மெக்சிகோ நகரத்துக்குள்ள நுழைஞ்சது 1821 செப்டம்பர் 27. ஸ்பெயின் "சரி, நீ தனி நாடுதான்"னு ஒத்துக்கிட்டது 1836-ல.

அப்போ எந்த நாளைக் கொண்டாடணும்? ஜெயிச்ச நாள் செப்டம்பர் 27 இருக்கே?

கொண்டாடறது 16-ஐ. அதுவும் முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிச்சுடும். ஜனாதிபதி அரண்மனை மாடத்துல நின்னு மணி அடிப்பார், கோஷம் போடுவார், கீழே சதுக்கத்துல லட்சக்கணக்கான பேர் திருப்பிச் சொல்வாங்க. அந்த மணி டொலோரெஸ் கோவில் மணியேதான். 1896-ல் போர்ஃபிரியோ டியாஸ்ங்கிற ஜனாதிபதி தலைநகருக்குக் கொண்டு வந்து மாட்டினார். அவரோட பிறந்த நாள் செப்டம்பர் 15. "தன் பிறந்த நாளைக்கு ஊரே வெடி வெடிக்கணும்னுதான் 15 ராத்திரிக்கு மாத்தினார்"னு மெக்சிகோகாரங்க இன்னைக்கும் கிண்டல் பண்ணுவாங்க. 15 ராத்திரி கொண்டாட்டம் அவருக்கு முன்னாடியே இருந்துச்சுங்கிறது வேற விஷயம். நம்ம ஊர் அரசியல் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கிண்டல் ஒண்ணும் புதுசு இல்ல.

இதுல என்னை உலுக்கின தகவல் ஒண்ணு இருக்கு. இதால்கோ செத்த பிறகு போராட்டத்தை எடுத்து நடத்தினவர் மொரெலோஸ், அவரும் ஒரு பாதிரியார். 1813 செப்டம்பர்ல "நாடு எப்படி இருக்கணும்"னு 23 அம்சம் எழுதி வச்சார். அடிமைமுறை கூடாது, சித்திரவதை கூடாதுன்னு பெரிய பெரிய விஷயங்கள். கடைசி அம்சம் என்ன தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 16-ஐக் கொண்டாடணும்.

யோசிச்சுப் பாருங்க. ஆரம்பிச்சு வச்சவர் தலை கூண்டுல தொங்குது. நாடுன்னு ஒண்ணு கையில இல்ல. அதுக்குள்ள விடுமுறைப் பட்டியல் ரெடி.

நமக்கும் இது உண்டு. 1930 ஜனவரி 26 அன்னைக்கு காங்கிரஸ் "பூரண சுயராஜ்ய தினம்"னு கொண்டாட ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் இன்னும் உள்ளேதான் இருக்கான். ஆனாலும் வருஷா வருஷம் ஜனவரி 26 சுதந்திர தினம். கடைசியில 1947-ல் மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐக் குறிச்சார். ஜப்பான் சரணடைஞ்ச ரெண்டாவது வருஷ நாள்ங்கிறதால அது அவருக்குப் பிடிச்ச தேதி. நம்ம தேதி அனாதையாப் போச்சேன்னு, 1949 நவம்பர் 26-லயே ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தை ரெண்டு மாசம் காக்க வச்சு 1950 ஜனவரி 26-ல அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஆக, குடியரசு தினம்னு நாம கொண்டாடறது 1930-ஓட பழைய சுதந்திர தினத்தைத்தான்.

டாக்டர் பாஷையில சொல்றேன். டிஸ்சார்ஜ் சம்மரியில மேல ரெண்டு தேதி இருக்கும். அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி. மெக்சிகோ கொண்டாடறது அட்மிஷன் தேதி. நம்ம ஆகஸ்ட் 15 டிஸ்சார்ஜ் தேதி. அர்ஜென்டினா கில்லாடி, ரெண்டையும் வச்சுக்கிச்சு: 1810 மே 25 (புரட்சி ஆரம்பிச்ச நாள்), 1816 ஜூலை 9 (சுதந்திரப் பிரகடனம்). ரெண்டுக்கும் லீவு.

சிலியோட தேசிய நாள் 1810 செப்டம்பர் 18. அன்னைக்கு கூடின சபை சுதந்திரமே கேக்கல. "எங்க ராஜாவை நெப்போலியன் பிடிச்சு வச்சிருக்கான், அவர் திரும்பற வரைக்கும் அவர் பேர்ல நாங்க பாத்துக்கறோம்"னுதான் சொல்லிச்சு. நிஜமான பிரகடனம் 1818-ல.

கொலம்பியா கதை இன்னும் சுவாரசியம். 1810 ஜூலை 20, பொகோட்டாவுல சந்தை நாள். உள்ளூர் ஆட்கள் சிலர் ஒரு ஸ்பானியக் கடைக்காரர்கிட்ட போய், விருந்தாளிக்கு மேஜை அலங்காரம் பண்ணணும், பூஜாடி இரவல் குடுங்கன்னு கேட்டாங்க. அவர் குடுக்கல. அதுல சண்டை, அடிதடி, சந்தைக் கூட்டம் கலகமா மாறிச்சு. அவர் குடுக்க மாட்டார்னு தெரிஞ்சுதான் கேட்டாங்க. திட்டம் போட்டே வம்புக்கு இழுத்தது! உடைஞ்ச அந்த ஜாடியோட மிச்சம் இன்னைக்கும் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த ஜூலை 20-ஐ தேசிய நாளா சட்டம் போட்டு அறிவிச்சது 1873-ல. 63 வருஷம் கழிச்சு.

மத்திய அமெரிக்க நாடுகள் அஞ்சுக்கும் ஒரே நாள், 1821 செப்டம்பர் 15. குவாத்தமாலாவுல பெரிய மனுஷங்க கூடி கையெழுத்துப் போட்ட சுதந்திர சாசனம். அதோட முதல் அம்சத்தைப் படிச்சா சிரிப்பு வரும். நாமளே முந்திக்கிட்டு அறிவிச்சுடணும், இல்லேன்னா ஜனங்களே அறிவிச்சுடுவாங்க, அப்புறம் விளைவு பயங்கரமா இருக்கும்னு வெளிப்படையாவே எழுதி வச்சிருக்காங்க. ஜனங்களுக்குப் பயந்து எழுதின சுதந்திரம்!

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இதுக்கு நேர் எதிரா ஜனங்களையே கூப்பிட்டு எழுதின ஒரு காகிதம் நம்ம ஊர் சுவத்துல ஒட்டி இருந்தது. 1801 ஜூன் 16. இதால்கோ மணி அடிக்கறதுக்கு 9 வருஷம் முன்னாடி.

இப்போ ஊருக்கு வருவோம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கறவங்க தினம் எத்தனையோ ஆயிரம் பேர். ஜவுளி வாங்க, காலேஜுக்கு, மலைக்கோட்டைக்கு, ஆஸ்பத்திரிக்கு. பக்கத்துல மெயின்கார்டு கேட். அந்த வளைவுக்குள்ள நுழையும்போது நீங்க ஒரு கோட்டைக்குள்ள நுழையறீங்க. கோட்டைச் சுவரை 19-ம் நூற்றாண்டுல இடிச்சு அகழியைத் தூத்துட்டாங்க. மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடுன்னு சொல்றோமே (புலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பூலிவார்டுதான் புலிவார்டு ஆச்சு), அதெல்லாம் பழைய கோட்டைச் சுவர் ஓடின வரிசை. தெப்பக்குளம் பக்கம் கிளைவ் வீடு எதுன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. அதை ஒட்டியே கிளைவ் ஹாஸ்டல்னு பேரும் நிலைச்சுப் போச்சு.

1801-ல் இந்தக் கோட்டைக்குள்ள கம்பெனிப் பட்டாளம். பேருக்கு நவாப் ஆட்சி. சென்னையில கவர்னர் யார் தெரியுமா? அந்த ராபர்ட் கிளைவோட மகன் எட்வர்ட் கிளைவ்.

அந்த வருஷம் தெற்கே என்ன நிலைமைன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1799 அக்டோபர் 16 அன்னைக்கு கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்கில போட்டாச்சு. 1801 பிப்ரவரியில அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையில இருந்து தப்பி, தரைமட்டமாக்கின பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார். மே 24-ல அதுவும் விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அங்க பெரிய மருது, சின்ன மருது. வேலு நாச்சியாருக்குத் துணையா நின்னு சீமையை மீட்டவங்க. "ஊமைத்துரையை ஒப்படை"ன்னு கம்பெனி கேட்டுச்சு. அடைக்கலம்னு வந்தவரைக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. ஜூன் 12-ல கர்னல் அக்னியூ மருதுகளுக்கு எதிரா ஒரு அறிவிப்பு விட்டார். நாலே நாள். ஜூன் 16-ல பதில் வந்தது.

எங்க வந்தது? சிவகங்கையில இல்ல. திருச்சி கோட்டைக்குள்ள, நவாப் அரண்மனை வாசல் சுவத்துல. இன்னொண்ணு ஸ்ரீரங்கம் கோவில் மதில்ல.

பட்டாளம் தங்கியிருக்கிற கோட்டைக்குள்ளயே வந்து ஒட்டிட்டுப் போயிருக்காங்க. யார் ஒட்டினது? பேர் தெரியாது. என்னைக் கேட்டா இந்தக் கதையோட முதல் ஹீரோ கையில பசையோட வந்த அந்த ஆள்தான். மாட்டியிருந்தா அங்கேயே தூக்கு.

இதைத்தான் ஜம்புத்தீவுப் பிரகடனம்னு சொல்றாங்க. ஜம்புத்தீவுன்னா நாவலந்தீவு, இந்தத் துணைக்கண்டத்தோட பழைய பேர். வீட்டுல ஐயர் சங்கல்பம் சொல்லும்போது காதுல விழுந்திருக்கும். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல திருவானைக்கா இருக்கு. அங்க சாமி பேர் ஜம்புகேஸ்வரர், ஸ்தல விருட்சம் வெண்ணாவல். காகிதம் ஒட்டின ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒரு நாவல் மரம் நிக்குது. இது திட்டமிட்டது கிடையாது, எனக்குப் பிடிச்ச ஒரு பொருத்தம், அவ்வளவுதான்.

என்ன எழுதியிருந்துச்சு? கம்பெனி தன்னோட ஆவணத்துல இங்கிலீஷ்ல பெயர்த்து வச்சதாலதான் விவரமா நமக்குக் கிடைச்சுது. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல வெளியிட்ட புத்தகத்துல இந்தக் கிளர்ச்சி முழுசையும் ஆராய்ஞ்சு, இதுதான் முதல் சுதந்திரப் போர்னு வாதாடினார். இன்னைக்கு நாம தமிழ்ல படிக்கிற வாசகம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருந்து திரும்ப வந்ததுங்கிறதால வார்த்தைக்கு வார்த்தை எடுத்துப் போடல. சாரத்தைச் சொல்றேன்.

பார்க்கிறவங்க எல்லாரும் கவனமா படிங்கன்னு ஆரம்பம். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள்னு எல்லாரையும் கூப்பிடுது. நவாப் முகமது அலி புத்தியில்லாம வெள்ளைக்காரனுக்கு இடம் குடுத்து, இப்போ விதவை மாதிரி ஆயிட்டார். இடம் வாங்கினவன் நன்றி மறந்து நாட்டைத் தனதாக்கிக்கிட்டு ஜனங்களை நாயா நடத்தறான். நமக்குள்ள ஒத்துமை இல்ல, அதனாலதான் இது நடந்துச்சு.

அதுக்கு அடுத்து வர்ற விஷயம்தான் ஒரு டாக்டரா என்னை நிறுத்தினது. ஜனங்க வறுமையில சோறு நீராகாரமாப் போச்சு. கஷ்டப்படறோம்னு தெரியுது, ஏன் கஷ்டப்படறோம்னு புரியலன்னு எழுதியிருக்கார்.

அறிகுறி தெரியுது, நோய் எதுன்னு தெரியல. தினம் ஓபியில பார்க்கிறது இதைத்தானே? "சோர்வா இருக்கு டாக்டர், சாப்பாடு இறங்கல டாக்டர்"னு வருவாங்க. காரணத்தைச் சொல்லி விளங்க வைக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடும். சின்ன மருது அந்தக் காகிதத்துல பண்ணினது அந்த வேலை. பசிக்கு வானத்தைக் குத்தம் சொல்லல, விதியைக் குத்தம் சொல்லல. வரி, அதிகாரம், யார் கையில நாடு இருக்குன்னு காரணத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

அப்புறம் கம்பெனிப் படையில இருக்கிற சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய்னு பதவி பதவியா கூப்பிட்டு, எங்க பார்த்தாலும் வெள்ளைக்காரனை விடாதேன்னு சொல்றார். இதுக்கு 5 வருஷம் கழிச்சு 1806 ஜூலை 10-ல வேலூர்க் கோட்டையில சிப்பாய்கள் எழுந்தாங்க. நேரடித் தொடர்புன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சிப்பாய்தான் இந்தக் கட்டடத்தோட தூண், அதை உருவினா போதும்ங்கிற கணக்கு 1801-லயே போட்டாச்சு.

கடைசியில சாபம். இதைச் சுவத்துல இருந்து கிழிக்கிறவனுக்கு பஞ்சமாபாதகம் செஞ்ச பாவம். படிச்சு, பிரதி எடுத்துப் பரப்பணும். (ஆமா, "இதை 10 பேருக்கு அனுப்பவும்" நம்ம வாட்ஸ்அப் மாமாக்கள் கண்டுபிடிச்சது இல்ல.) ஒத்துக்காதவங்க மீசையைப் பத்தி ஒரு வரி வருது. அதை இங்க எழுதினா என் கணக்கை முடக்கிடுவாங்க. கையெழுத்து: மருது பாண்டியன், ராஜாக்களோட ஊழியன், ஐரோப்பியருக்குத் தீராத எதிரி.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இது குடியரசு கேட்ட காகிதம் இல்ல. நவாபுக்கு நவாப் இடம், நாயக்கருக்கு நாயக்கர் இடம், தஞ்சாவூருக்குத் தஞ்சாவூர், அவங்கவங்க நாடு அவங்கவங்களுக்குன்னுதான் கேட்டுது. வெள்ளைக்காரனைத் திட்டற வார்த்தையில பிறப்பை வச்சு இழிவு பண்ற தொனி இருக்கு. இன்னைக்குப் படிச்சா உறுத்தும். ஆனா சிலி சபையும் ராஜா பேர்லதான் கூடுச்சு. இதால்கோ கூட்டமும் ராஜா வாழ்கன்னுதான் கத்துச்சுன்னு சொல்வாங்க. அவங்க தேதிகளுக்கு லீவு விட அது தடையா இருக்கல.

மேல சிலி கதையில நெப்போலியன் வந்தான்ல? அங்க இருந்து ஒரு கயிறு நேரா நம்ம ஊருக்கு வருது.

1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் ராஜாவைப் பிடிச்சு வச்சான். அரியணை காலி. அமெரிக்கக் கண்டத்துல இருந்த காலனிகள் பலவும் தனித்தனியா சபை கூட்டி அதிகாரத்தை எடுத்துக்கிச்சு. அதனாலதான் அந்த நாட்டுத் தேதிகள் பலதும் 1809, 1810, 1811-னு கொத்தா விழுது. வெனிசுவேலா சபை லண்டனுக்கு ஒரு தூதுக்குழு அனுப்புச்சு. அதுல 26 வயசு இளைஞன் ஒருத்தன், பேர் சிமோன் பொலிவார். 1810 ஜூலையில இங்கிலாந்தோட வெளியுறவு அமைச்சர் வீட்டுல பேச்சுவார்த்தை. விடுதலைக்கு உதவி பண்ணுங்கன்னு பொலிவார் கேக்கறார்.

எதிர்ல உக்காந்திருந்த அந்த அமைச்சர் யார்? ரிச்சர்ட் வெல்லெஸ்லி. 1798-ல இருந்து 1805 வரைக்கும் இந்தியாவுல கவர்னர் ஜெனரல். ஜம்புத்தீவுப் பிரகடனம் ஒட்டினப்போ கம்பெனி ஆட்சிக்கே தலைவர். அதே 1801 ஜூலை 31-ல நவாபோட ஒப்பந்தம் போட்டு கர்நாடகம் முழுசையும், அதாவது நம்ம திருச்சியையும் சேர்த்து, கம்பெனி கையில எடுத்துக்கிட்டவர். அந்தக் காகிதம் சுவத்துல ஏறி ஆறரை வாரம்தான் ஆகியிருந்தது. மருது பயந்தது அப்படியே நடந்தது.

தெற்கே பாளையக்காரர்களை நசுக்கின ஆட்சியோட தலைவர்கிட்டயே தென் அமெரிக்காவுக்கு விடுதலை வாங்கித் தாங்கன்னு பொலிவார் கேட்டிருக்கார். பொலிவாருக்கு காளையார்கோவில் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. வெல்லெஸ்லிக்கு ஞாபகம் வந்திருக்குமான்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

சரி, இங்க என்ன ஆச்சு?

சண்டை நாலு மாசத்துக்குள்ள முடிஞ்சுது. காளையார்கோவிலைச் சுத்தி அடர்ந்த காடு. அக்னியூ ஆளுங்களை வச்சு சிறுவயல் பக்கம் இருந்து காட்டை வெட்டி வழி போடப் பார்த்தார். ஒரு மாசம் வெட்டினாங்க, முடியல, கைவிட்டாங்க. அப்புறம் வழக்கமான வைத்தியம். படமாத்தூர் கௌரி வல்லபரை செப்டம்பர்ல சிவகங்கை ஜமீன்தாரா அறிவிச்சாங்க. மருதுகள் பக்கம் இருந்தவங்க பிரிஞ்சாங்க. அக்டோபர் 1-ல காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ல திருப்பத்தூர்க் கோட்டையில பெரிய மருது, சின்ன மருது ரெண்டு பேரையும் தூக்கில போட்டாங்க. நவம்பர் 16-ல பாஞ்சாலங்குறிச்சியில ஊமைத்துரை தலை வெட்டப்பட்டது. டிசம்பர் 1-ல கவர்னர் கிளைவ் ஆயுதம் வச்சிருக்கத் தடை போட்டு ஒரு பிரகடனம் விட்டார். கடைசியா சுவத்துல ஒட்டின காகிதம் அவரோடது.

1802 பிப்ரவரியில 73 பேரைத் தூத்துக்குடியில இருந்து கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. அதுல சின்ன மருதுவோட மகன் துரைசாமி, 15 வயசுப் பையன்.

இங்க ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி வர்றார். சண்டைக்கு முன்னாடி சின்ன மருதுவோட சிநேகமா இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கத்துக் குடுத்தது சின்ன மருதுதான்னு நன்றியோட எழுதி வச்சிருக்கார். அதே ஆள்தான் பிறகு காளையார்கோவில் போர்ல எதிர்ப்பக்கம் நின்னார். 1818-ல பினாங்குல ஒருத்தர் அவரைப் பார்க்க வர்றார். தளர்ந்து போன ஒரு கிழவர். அவரா பேரைச் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளம் தெரியுது. துரைசாமி.

கணக்குப் போடுங்க. 1801-ல 15 வயசுன்னா 1818-ல 32.

32 வயசு ஆளைக் கிழவன்னு ஒரு பழக்கமான கண் நினைக்குதுன்னா உடம்பு என்ன பாடு பட்டிருக்கணும்? மலேரியாவா, வேலையா, சாப்பாடா, மனசா? கேஸ் ஷீட் இல்லாம நான் எதையும் எழுத மாட்டேன். அந்த 17 வருஷத்தைத் தவிர வேற ஆதாரம் நமக்கு இல்ல.

திரும்பவும் லீவு விஷயம். இதால்கோவும் தோத்தார், மருதுவும் தோத்தார். ரெண்டு பேருக்கும் தலை தனியாத்தான் போச்சு. மருதுகள் தலை காளையார்கோவில்ல கோவிலுக்கு எதிர்ல அடக்கம்னு சொல்றாங்க. இதால்கோவோட எலும்புகள் மெக்சிகோ நகரத்து நடுவுல சுதந்திரத் தூணுக்கு அடியில. ஏன் அங்க தேசிய நாள், இங்க சாதா நாள்?

வீரத்துல குறைவுன்னு யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்: இதால்கோ விழுந்த உடனே எடுத்து நடத்த ஆள் இருந்துச்சு, 10 வருஷத்துல ஒரு நாடு வந்துச்சு, அந்த நாட்டுக்கு ஒரு தொடக்கம் தேவைப்பட்டுச்சு. இங்க 1801-க்கும் 1947-க்கும் நடுவுல 146 வருஷம். எழுந்து வந்த இயக்கம் வேற, தலைவர்கள் வேற, மொழி வேற. டெல்லியில உக்காந்து தொடக்கத்தைத் தேடினவங்க கண்ணுக்கு 1857 மீரட் தெரிஞ்சுது. சுவத்துல ஒட்டின காகிதம் ஆவணக் கட்டுக்குள்ள இருந்துச்சு.

அதனால மெக்சிகோவோட ஒப்பிடறதை விட்டுட்டு நான் லாரெஸ் ஊரைச் சொல்வேன். போர்ட்டோ ரிக்கோ தீவுல ஒரு மலை ஊர். 1868 செப்டம்பர் 23 அன்னைக்கு ஸ்பெயினுக்கு எதிரா அங்க குடியரசு அறிவிச்சாங்க. சீக்கிரமே அடக்கிட்டாங்க. பின்னாடி இருந்து திட்டம் போட்டவர் ரமோன் எமெதெரியோ பெத்தான்செஸ். அவர் ஒரு டாக்டர்! பாரிஸ்ல படிச்சவர், மயாகுவெஸ் ஊர்ல காலரா வந்தப்போ ஏழைகள் நடுவுல நின்னு வைத்தியம் பார்த்தவர், ஞானஸ்நானத்துக்குக் கொண்டு வர்ற அடிமைக் குழந்தைகளைக் காசு குடுத்து விடுவிச்சவர். (அவரைப் பத்தித் தனி இழை எழுதணும்.) 1898-ல ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்துச்சு, போர்ட்டோ ரிக்கோ இன்னைக்கும் தனி நாடு இல்ல. செப்டம்பர் 23 அங்க அரசு விடுமுறை கிடையாது. ஆனா வருஷா வருஷம் அந்த நாள் லாரெஸ் சதுக்கத்துல ஜனங்க கூடறாங்க.

இங்கேயும் ஒரு கூடல் இருக்கு. அக்டோபர் 24 திருப்பத்தூர்ல அரசு மரியாதை, அக்டோபர் 27 காளையார்கோவில்ல குருபூஜை. 2004-ல தபால் தலை வெளியிட்டாங்க. ஆனா அதெல்லாம் செத்த நாளை ஒட்டியது. பேசின நாள் ஜூன் 16. அதுவும் பேசின இடம் திருச்சி. குருபூஜை மெல்ல மெல்ல ஒரு சமூகத்தோட விழாவாச் சுருங்கிப் போறதைப் பார்க்கிறோம். எல்லாச் சாதியையும் எல்லா மதத்தையும் கூப்பிட்டு எழுதின ஆளுக்கு இப்படி ஆனது எனக்கு வருத்தம்தான்.

அப்போ ஜூன் 16-க்கு லீவு விடணுமா? லீவு எப்படி வருதுன்னு ஒரு தகவல்: அரசு பொது விடுமுறைகளை அறிவிக்கறது 1881-ல வெள்ளைக்காரன் போட்ட செலாவணி முறிச் சட்டத்துக்குக் கீழ. காசோலை, உண்டியல் பத்தின சட்டம்! சுதந்திர தினத்துக்கு பேங்க் மூடறதும் அதன்படிதான். நம்ம மாவட்டத்துல வைகுண்ட ஏகாதசிக்கும் சமயபுரம் சித்திரைத் தேருக்கும் கலெக்டர் விடறது உள்ளூர் விடுமுறை, அது அந்தச் சட்டத்துக்குக் கீழ வராது. அதனால பேங்க் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்காது, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாள். ஆக, கலெக்டர் நினைச்சா ஜூன் 16-ஐயும் உள்ளூர் விடுமுறை ஆக்க முடியும்.

ஆனா எனக்கு அதுல பெரிய ஆசை இல்ல. லீவு விட்டா நாம தூங்குவோம், டிவியில புதுப்படம் பார்ப்போம். அந்தக் காகிதம் படிக்கறதுக்காக ஒட்டினது. மெயின்கார்டு கேட்ல ஒண்ணு, ரங்கா ரங்கா கோபுரத்துப் பக்கம் மதில்ல ஒண்ணு, கல்வெட்டாவோ பலகையாவோ முழு வாசகத்தையும் பெரிய எழுத்துல வச்சா போதும். மீசை வரி உட்பட. பஸ்ஸுக்கு நிக்கிற பையன் சும்மா படிச்சுட்டுப் போகட்டும்.

இடத்தைப் பார்க்கணும்னு நினைக்கறவங்களுக்கு: சத்திரத்துல இறங்கி மெயின்கார்டு கேட் வழியா உள்ள நடங்க. தெப்பக்குளத்தைத் தாண்டி டவுன்ஹால் பக்கம் போனா, பழைய அரண்மனையில மிஞ்சின தர்பார் மண்டபம் இருக்கு, ராணி மங்கம்மாள் மஹால்னு கேளுங்க. அதுதான் இப்போ அரசு அருங்காட்சியகம். பார்த்துட்டுத் திரும்ப சத்திரம் வந்து 1-ம் நம்பர் பஸ் பிடிச்சா ஸ்ரீரங்கம். ரெண்டு சுவத்தையும் அரை நாள்ல பார்த்துடலாம். வெள்ளிக்கிழமை போகாதீங்க, மியூசியம் லீவு. தேசிய விடுமுறை நாள்லயும் பூட்டித்தான் இருக்கும்.